பில் புக்கில் ஒரு துப்பாக்கி

சென்ற வருடம் ஓர் அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். கணவர் மலையடிவாரத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவர், ஆயுதச் சட்டத்தில் ரிமாண்ட் ஆகியிருந்தார். "துப்பாக்கிக்காரர்கிட்ட லைசென்ஸ் இருக்கு சார். இவர் ஸ்பிரிங்தானே மாத்திக் கொடுத்தார்?"

இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வந்திருக்கிறது. துப்பாக்கிக்குச் சொந்தக்காரரான விவசாயியிடம் இருந்தது பயிர்ப் பாதுகாப்புக்காக வாங்கிய லைசென்ஸ், குழல் வாயில் மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கு. அது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, வைத்திருப்பதற்கான அனுமதி. ரிப்பேர் 5-ஆவது பிரிவில் வருகிறது. தயாரிப்பது, விற்பது, பழுது பார்ப்பது மூன்றும் அங்கே ஒரே வரிசைதான். தொழிலாகச் செய்ய ஒவ்வொன்றுக்கும் அனுமதி வேண்டும். மீறினால் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். 2019 திருத்தத்துக்கு முன் குறைந்தபட்சம் 3 ஆண்டாக இருந்தது.

போலீஸுக்குப் பெரிய சிரமம் இருக்கவில்லை. துப்பாக்கிக் கட்டையில் சாக்பீஸால் விவசாயியின் பெயர். பட்டறை பில் புக்கில், மோட்டார் ஷாஃப்டுக்கும் கலப்பைக் கொழுவுக்கும் நடுவே: "துப்பாக்கி ஸ்பிரிங் 1, வெல்டிங், அட்வான்ஸ் 200." ஒளித்துச் செய்கிறவர் பில் போடுவாரா? மனிதருக்கு அது குற்றம் என்றே தெரியாது. சட்டத்துக்கு அது பொருட்டில்லை.

விவசாயியும் தப்பவில்லை. வாங்குகிறவருக்கு உரிமை உண்டா என்று பார்க்காமல் ஆயுதத்தைக் கொடுப்பது 29-ஆவது பிரிவில் தனிக் குற்றம். லைசென்ஸ் ரத்தாகவும் இடமுண்டு. லைசென்ஸ் உள்ள ரிப்பேர்காரரிடம்தான் கொடுக்க வேண்டும். நீங்கள் போக முடியாவிட்டால், உங்கள் எழுத்துப்பூர்வமான அனுமதியோடு இன்னொருவர் கொண்டுபோகலாம். சட்டமே அதற்கு வழி வைத்திருக்கிறது. பல பேருக்கு இது தெரியாது.

"தூக்க வசதியா குழலைக் கொஞ்சம் வெட்டிக் கொடு" என்று கேட்பவர்களும் உண்டு. தொடவே தொடாதீர்கள். குழலைக் குட்டையாக்க 6-ஆவது பிரிவில் தனி அனுமதி வேண்டும். நம்பர் அழிந்த துப்பாக்கியை விற்பதும் கைமாற்றுவதும் 8-ஆவது பிரிவில் வரும்.

கை சுத்தமான தொழிலாளிகள் ரிப்பேர் லைசென்ஸுக்கு முறைப்படி விண்ணப்பிக்கலாம். காவல் நிலைய அறிக்கை வரும். "சொத்து போதாது" என்பதை மட்டும் காரணமாகக் காட்டி மறுக்க முடியாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், மேல்முறையீடும் உண்டு. கிடைத்த பிறகு பதிவேடு எழுதுவதுதான் பெரிய வேலை. எது வந்தது, யாருடையது, என்று போனது, எல்லாம் அதில் இருக்க வேண்டும். என் அபிப்பிராயத்தில் நம் லேத்காரர்கள் வெல்டிங்கைவிட இதில்தான் தடுமாறுவார்கள்.

ஜாமீனில் வந்தவர் என்னிடம் முதலில் கேட்டது வழக்கைப் பற்றி அல்ல. "அந்த பில் புக்கை எப்ப சார் திருப்பித் தருவாங்க? ஊர்க்காரங்க பாக்கியெல்லாம் அதுலதான் இருக்கு."