எதிரும் புதிருமாக இரண்டு கோடுகள்

மண்டபத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "விசைப்படகில் வேலை பார்க்கும் என் தம்பி, வலையை இழுத்துக்கொண்டிருக்கும்போதே வெறித்துப் பார்க்கிறான், வாயைச் சப்புகிறான், சட்டையை நிமிண்டுகிறான். ஒரு நிமிடத்தில் சரியாகிவிடுகிறான்; எதுவும் நினைவில்லை. ஸ்கேன் நார்மல். வீட்டில் ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார்கள். ஸ்கேனில் தெரியாதது நோயாக இருக்குமா?"

இருக்கலாம். கை கால் வெட்டி, நுரை தள்ளினால்தான் வலிப்பு என்றில்லை. மூளையில் காதுக்கு உட்பக்கமுள்ள டெம்போரல் மடலில் மட்டும் கிளம்பும் வலிப்புக்கு இதே லட்சணம்தான். நாடாப்புழுக் கட்டி, பழைய தழும்பு, சுருங்கிய ஹிப்போகாம்பஸ் (நினைவுக்கு உதவும் மூளைப் பகுதி) எல்லாம் எம்.ஆர்.ஐ.யில் தெரியும். ஆனால் பொத்தாம்பொதுவாக எடுத்த ஸ்கேனில் சின்னக் கோளாறு தப்பிவிடும். வலிப்புக்கென்றே மெல்லிய வெட்டுகளாக எடுக்க வேண்டும். அப்படி எடுத்தும் சிலருக்கு ஒன்றும் இராது.

ஸ்கேன் பார்ப்பது அமைப்பை. தலையில் மின்முனைகளை ஒட்டி எடுக்கும் இ.இ.ஜி. சோதனை பார்ப்பது மூளையின் மின்சாரத்தை. ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர் 1924இல் முதன்முதலாக மனிதரிடம் பதிவு செய்தது இதைத்தான். எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் தலையை அலசிவிட்டுப் போக வேண்டும். டெக்னீசியன் புருவங்களுக்கு நடுவே மூக்கு தொடங்கும் இடத்திலிருந்து பிடரி மேடு வரை டேப் வைத்து அளந்து, பென்சிலால் புள்ளி வைத்து, பசை தடவி 21 மின்முனைகளை ஒட்டுவார். கிடைப்பது மைக்ரோவோல்ட் (ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கணக்கில்தான். ஒற்றை நரம்புச் செல்லின் முனகல் மண்டையோட்டைத் தாண்டாது. கரைவலை இழுப்பவர்கள் மாதிரி, வரிசையாக நிற்கும் ஏராளமான செல்கள் ஒரே மூச்சில் துடித்தால்தான் திரையில் ஓடும் கோடு அசையும்.

இனிதான் எனக்குப் பிடித்த இடம். ஒவ்வொரு கோடும் அடுத்தடுத்த இரு முனைகளுக்கு இடையிலான வித்தியாசம். முதல் முனை அதிக மைனஸாக இருந்தால் கோடு மேலே எகிறும். இரண்டாவது என்றால் கீழே. காதுக்கு முன்னால், மேலே, பின்னால் உள்ள முனைகளை அ, ஆ, இ என்போம். ஆ முனைக்கு அடியில் திடீரென மைனஸ் துடிப்பு ஒன்று. 'அ–ஆ' கோட்டில் ஆ இரண்டாவது. கூர் கீழே குத்தும். 'ஆ–இ' கோட்டில் அதே ஆ முதலாவது. கூர் மேலே குத்தும். திரையில் இரண்டும் எதிரும் புதிருமாக முட்டிக்கொண்டு நிற்கும். இரண்டுக்கும் பொதுவான முனை எதுவோ, அதன் பக்கத்தில்தான் ஆள் ஒளிந்திருக்கிறான். வெறும் கழித்தல் கணக்கு!

முதல் இ.இ.ஜி.யில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு இது சிக்காது. தூக்கத்தைக் குறைத்துவிட்டு எடுத்தால் வாய்ப்பு கூடும். மருந்துக்கு அடங்காதவர்களைத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களில் நாள்கணக்கில் வீடியோவோடு பதிவு செய்வார்கள். வலிப்பின்போது ஒரு கை முறுக்கிக்கொண்டால், பெரும்பாலும் கோளாறு எதிர்ப்பக்க மூளையில்.

ராமநாதபுரத்துக்கு 2022இல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. என்னைக் கேட்டால், அடுத்த பெரிய ஸ்கேனுக்கு முன்னால் பாம்பன்காரருக்கும் தொண்டிக்காரருக்கும் ஒரே பஸ்ஸில் எட்டும் தூரத்தில் இ.இ.ஜி.யும், அதை ஒழுங்காக ஒட்டத் தெரிந்த ஆளும் வேண்டும். செலவு ஸ்கேனில் சிறு பங்குதான்.

தர்காவுக்குப் போவது உங்கள் விருப்பம். ஆனால் 2001இல் ஏர்வாடிக் காப்பகத் தீயில் சங்கிலியோடு கருகிய மனநோயாளிகளை நினைத்தால், "மருந்து எதற்கு?" என்பவர்கள்மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அடுத்த முறை வந்தால் போனில் வீடியோ எடுத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். கையில் சாவியைத் திணிக்க வேண்டாம். மருத்துவர் சொல்லும்வரை தம்பி கடலுக்குப் போகவே வேண்டாம்.