அழிப்பான் அல்ல, கொல்பொறி: ‘டெர்மினேட்டர்’ என்பதற்குத் தமிழ்

அக்கா மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் இந்திய வரைபடம் வரைந்துகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து நான் ‘டெர்மினேட்டர்: தி சாரா கானர் கிரானிக்கிள்ஸ்’ தொடரின் முதல் பகுதியைத் திரும்பவும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆளைக் கொல்ல எதிர்காலத்திலிருந்து அனுப்பப்படும் மனித உருவ இயந்திரத்துக்குத்தான் அதில் டெர்மினேட்டர் என்று பெயர். யாரோ ஓர் ஆர்வலர் சேர்த்திருந்த தமிழ் வசன வரிகள் கீழே ஓடின. “அழிப்பான் வந்துவிட்டான், ஓடு!” என்று ஒரு வரி வந்தது. அவள் தலையைத் தூக்கிப் படித்துவிட்டுக் கையிலிருந்த ரப்பரைப் பார்த்தாள். “சித்தி, அழிப்பான்னா இதுதானே?”

ஆமாம், அதுதான். பென்சில் கோட்டை அழிக்கும் ரப்பருக்குத் தமிழ் வகுப்பில் சொல்லிக்கொடுத்த சொல் அது. வகுப்பறையில் பெயர் கூப்பிட வந்த மாற்று ஆசிரியர் தன் தொடையைத் தானே கிழித்து, உள்ளேயிருந்து துப்பாக்கியை எடுத்து, ஜான் என்ற பதினைந்து வயதுப் பையனைச் சுடுகிற காட்சி மேலே ஓடுகிறது. கீழே ரப்பரின் பெயர். இந்தச் சொல்லை நான் பார்ப்பது முதல் தடவை என்றால் விட்டிருப்பேன். திரைப்பட அறிமுகக் கட்டுரைகளில் பார்த்தாயிற்று, விமர்சனங்களில் பார்த்தாயிற்று. வசன வரி மொழிபெயர்த்துப் பிழைக்கிற எனக்கு, ஒரு நிறுவனம் அனுப்பிய சொற்பட்டியலிலேயே “டெர்மினேட்டர் = அழிப்பான், மாற்றக்கூடாது” என்று வந்தது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் சொல்லின் பிறப்பு. லத்தீனில் ‘டெர்மினஸ்’ என்றால் எல்லைக்கல். ரோமானியர்கள் அந்தக் கல்லையே தெய்வமாக்கி, பிப்ரவரி 23 அன்று விழா எடுத்தார்கள். எல்லை என்ற பொருளிலிருந்து முடிவு என்ற பொருள் வந்தது. அதிலிருந்து ‘முடித்துவை’ என்ற வினை. நிலவில் ஒளிப்பகுதிக்கும் இருட்பகுதிக்கும் நடுவே ஓடும் கோட்டுக்கு வானியலில் இன்றும் டெர்மினேட்டர் என்றுதான் பெயர். அலுவலகத்தில் அதே வினை பணிநீக்கம். உளவு, இராணுவப் பேச்சில் கொல்வதை மறைமுகமாகச் சொல்லும் வழி. ஜேம்ஸ் கேமரூனின் 1984 படம் கடைசிப் பொருளைப் பிடித்துக்கொண்டது. தொடர் 2008 ஜனவரி முதல் 2009 ஏப்ரல் வரை ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் ஓடியது. இரண்டு பருவம், மொத்தம் 31 பகுதிகள்.

ஆக, மூலச்சொல்லில் அழித்தல் என்ற பொருளே இல்லை. அழித்தல் என்பது இருந்ததை இல்லாமல் ஆக்குவது. கோட்டை அழிக்கலாம், ஊரை அழிக்கலாம், காட்டை அழிக்கலாம், கணினியில் கோப்பை அழிக்கலாம். ஒரே ஒரு ஆளைக் குறிவைத்துத் தேடிப்போய்க் கொல்வதைத் தமிழில் யாரும் அழித்தான் என்று சொல்வதில்லை. தீர்த்துக்கட்டினான், கதையை முடித்தான் என்றுதான் சொல்கிறோம். பாருங்கள், தீர்ப்பதும் முடிப்பதும் லத்தீன் மூலத்துக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கின்றன! ஆங்கிலத்துக்கு இருக்கிற அதே மறைப்பு, அதே குளிர்ந்த நிதானம் நம் பேச்சில் ஏற்கெனவே இருக்கிறது. வினையாக வரும் இடமெல்லாம் ‘தீர்த்துக்கட்டு’ என்று எழுதினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பெயர்ச்சொல்தான் சிக்கல். அழிப்பான் என்பதில் எனக்குப் பொருளைவிடப் பெரிய வருத்தம் அதன் ஈற்றில் இருக்கிறது. தெளிப்பான், ஒலிப்பான் போன்ற கருவிப் பெயர்களில் ‘ஆன்’ வெறும் விகுதியாக நிற்கும். “தெளிப்பான் உடைந்தது” என்று சொல்வோம். ஆனால் மனித உருவம் உள்ள ஒன்றுக்கு வைத்தவுடன் அதே ‘ஆன்’ ஆண்பால் ஆகிவிடுகிறது. மேலே சொன்ன வரியைப் பாருங்கள்: “வந்துவிட்டான்.” அடுத்த காட்சியிலேயே வசன வரி எழுதிய அந்த ஆர்வலர் மாட்டிக்கொண்டார். ஏனென்றால் பையனைக் காப்பாற்ற வருவதும் ஒரு டெர்மினேட்டர், அது பள்ளி மாணவியின் உருவத்தில் இருக்கிறது. கேமரூன் என்று பெயர். நடித்தவர் சம்மர் கிளாவ். “அழிப்பான் வந்தாள்” என்று எழுத முடியுமா? அவர் எழுதியிருக்கிறார். ‘அழிப்பாள்’ என்று மாற்றினால் அது எதிர்கால வினைமுற்று ஆகிவிடும். ‘இயந்திர மனிதன்’ என்று எழுதுகிறவர்களுக்கும் இதே கதிதான், கூடவே இன்னொரு குற்றமும். ரோபோவுக்கும் அதே சொல், மனித உருவில் செய்த ஆண்ட்ராய்டுக்கும் அதே சொல், சைபோர்க்குக்கும் அதே சொல். ரோபோ, 1920இல் கரேல் சாப்பெக் எழுதிய செக் நாடகத்திலிருந்து வந்தது, கட்டாய உழைப்பு என்ற பொருளில். சைபோர்க், உடலும் கருவியும் இணைந்த உயிருக்காக 1960இல் கிளைன்ஸும் கிளைனும் கட்டிய சொல். மூன்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டால், ‘இது ரோபோ இல்லை, சைபோர்க்’ என்று ஒரு பாத்திரம் சொல்லும்போது என்ன எழுதுவீர்கள்?

தமிழில் இது சின்ன விஷயம் இல்லை. ஆங்கிலத்தில் பெயருக்குப் பின் வரும் வினை ஆணா பெண்ணா பொருளா என்று காட்டாது. நமக்கு ஒவ்வொரு வாக்கியமும் முடியும்போது தீர்ப்புச் சொல்லியாக வேண்டும்: வந்தாளா, வந்ததா? “உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே” என்கிறது தொல்காப்பியம். எதை மக்கள் என்று கருதிச் சுட்டுகிறோமோ அதுவே உயர்திணை. இந்தத் தொடரின் மொத்தச் சண்டையும் அந்த ஒரு நூற்பாவுக்குள் இருக்கிறது. இரண்டாம் பருவத்தின் முதல் பகுதியில், வெடிவிபத்தில் மூளையாக இருக்கும் கணினிச் சில்லு பழுதாகி, கேமரூன் பழைய கட்டளைக்குத் திரும்பி ஜானையே கொல்லத் துரத்துகிறாள். இரண்டு லாரிகளுக்கு நடுவே நசுங்கி மாட்டிக்கொண்ட நிலையில், தான் சரியாகிவிட்டதாகக் கெஞ்சுகிறாள், அவனை நேசிப்பதாகச் சொல்கிறாள். ஜான் சில்லைப் பிடுங்கி எடுக்கிறான். பிறகு மற்றவர்கள் பேச்சைக் கேட்காமல் திருப்பிப் பொருத்துகிறான். அங்கே ஜானின் தாய் சாராவும் எதிர்காலத்திலிருந்து வந்த போராளி டெரெக்கும் பேசும் வரிகளை ‘அது’ என்றும், ஜான் பேசும் வரிகளை ‘அவள்’ என்றும் எழுதுகிற மொழிபெயர்ப்பாளர், ஆங்கிலத்தால் ஒவ்வொரு வரியிலும் செய்ய முடியாததைச் செய்துவிடுவார். நான் மேலே இரண்டு வாக்கியத்தில் ‘துரத்துகிறாள், கெஞ்சுகிறாள்’ என்று எழுதியதும் தெரிந்தேதான். இந்த அது–அவள் வேறுபாடு எடுபட, இனத்தைக் குறிக்கும் சொல் சுத்தமான அஃறிணையாக இருக்க வேண்டும். ‘ஆன்’ போட்ட சொல் அந்த வாசலை முதல் வரியிலேயே அடைத்துவிடுகிறது.

சரி, என்ன சொல்? கொல்பொறி.

இது நான் வானத்திலிருந்து பிடுங்கியது இல்லை. கொல்களிறு, கொல்புலி, கொல்லேறு என்று பழைய பாட்டுகளில் பார்க்கிற அதே அச்சு. வினைத்தொகை. “காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை” என்று நன்னூல் சொல்லும். கொன்ற பொறி, கொல்கின்ற பொறி, கொல்லும் பொறி என்று மூன்று காலமும் அந்த ஒரே சொல்லுக்குள் மறைந்து நிற்கும். இந்தத் தொடரில் வருவது எப்படிப்பட்ட பொறி? எதிர்காலத்தில் செய்யப்பட்டு, கடந்த காலத்துக்கு அனுப்பப்பட்டு, இன்னும் நடக்காத போருக்காகக் கொல்கிறது. பாத்திரங்களே 1999இலிருந்து 2007க்குத் தாவுகிறார்கள். அவர்கள் தடுக்க நினைக்கும் தீர்ப்பு நாள், அதாவது இயந்திரங்கள் மனித இனத்தைத் தாக்கும் நாள், 2011 ஏப்ரல் 21. காலம் கரந்த கதைக்குக் காலம் கரந்த தொகைதான் பொருந்தும். ‘கொலை இயந்திரம்’ என்பாரும் உண்டு. அது ஆங்கிலத்தை எடுத்துத் தமிழ்ச் சட்டை மாட்டியது. அச்சு இயந்திரம், தையல் இயந்திரம் வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பொறி என்றால் எலிப்பொறி நினைவு வருகிறது, தீப்பொறி நினைவு வருகிறது என்று ஒரு நண்பர் மறுத்தார். பொறியியல் கல்லூரி என்று தினமும் சொல்கிற நாட்டில் இது மறுப்பே இல்லை. அதைவிட முக்கியமாக, கொல்லும் கருவிகளுக்குத் தமிழ் வைத்த பெயரே பொறிதான். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மதுரைக் கோட்டை மதிலின் காவலைச் சொல்லும்போது, “வளைவிற் பொறியும் கருவிரல் ஊகமும் கல்லுமிழ் கவணும்” என்று அடுக்கு வரும். வளைவிற்பொறி என்பது தானே வளைந்து அம்பு எய்யும் எந்திர வில் என்று உரை சொல்கிறது. கருவிரல் ஊகம் இன்னும் வியப்பு: கரிய விரலுடைய குரங்கின் வடிவில் செய்து வைத்து, கிட்டே வருபவரைக் கடிக்கும் பொறி. உயிரின் உருவில் நின்று, ஆள் இல்லாமல் தானே கொல்லும் கருவி! அதற்கு உரைகாரர்கள் கூசாமல் எழுதிய சொல்லை நாம் எதற்காக விட வேண்டும்?

கொல்லிமலையில் தெய்வம் செய்து வைத்ததாகச் சொல்லும் பெண் உருவமான கொல்லிப்பாவையை நினைத்து ‘கொல்பாவை’ என்று வைக்கலாமா என்று நானும் யோசித்தேன். நற்றிணையில் ஒருவன் தன் காதலியை “தெய்வம் எழுதிய வினைமாண் பாவை” போலக் கொலை சூழ்ந்துவிட்டாள் என்று புலம்புவான். “பூதம் புணர்த்த புதிதியல் பாவை” என்று இன்னொரு பாட்டு. கேமரூனை நினைத்துப் படித்தால் மெய்சிலிர்க்கிறது. முதல் பருவத்தில் அவள் தனியறையில் யாருக்கும் தெரியாமல் பாலே ஆடிக்கொண்டிருக்க, எதிர்காலத்தில் அவள் இனத்தோடு போரிட்டு வந்த டெரெக் கதவருகே நின்று பார்ப்பான். ‘வினைமாண் பாவை’ என்ற தொடர் அந்தக் காட்சிக்காகவே எழுதியதுபோல் இருக்கும். ஆனால் பாவை பெண் உருவத்துக்கே ஒட்டிப்போன சொல். குரோமார்ட்டியை, அந்த மாற்று ஆசிரியரை, பாவை என்று சொல்ல முடியாது. இனப்பெயராக அது நிற்காது.

தொடரில் போராளிகள் இவற்றை வெறுப்போடு ‘உலோகம்’ என்பார்கள். அதை உலோகம் என்றே எழுதினால் வேதியியல் பாடம் போல இருக்கும். ‘இரும்பு’ என்று எழுதுங்கள், வாயில் நிற்கும். இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பழந்தமிழில் கொல் என்பதற்குக் கொல்லன் தொழில் என்றும் பொருள் உண்டு. உலைக்களத்தை ஒளவையார் ‘கொற்றுறை’ என்கிறார். கொல்பொறி என்று சொல்லும்போது சம்மட்டி அடிக்கும் இரும்பின் ஓசையும் காதில் விழுகிறது. இலக்கணப்படி அந்தக் கொல் முன்னால் நின்றால் கொற்பொறி என்று திரிந்துவிடும், ஆகவே பொருளாக அதை உரிமை கொண்டாட மாட்டேன். ஓசையாக வைத்துக்கொள்கிறேன்.

தலைப்பைப் பொறுத்தவரை எனக்குப் பிடிவாதம் இல்லை. படத்தின் பெயரும் தொடரின் பெயரும் ‘டெர்மினேட்டர்’ என்றே இருக்கட்டும்; அது முத்திரைப் பெயர். கதைக்குள் பொதுப்பெயராக வரும்போதுதான் தமிழ் வேண்டும். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் எல்லா இடத்திலும் ஒரே சொல்லை இயந்திரம்போல் மாற்றிப் போடுவதுதான் இன்றைய மொழிபெயர்ப்பின் நோய். படம் கைக்கு வருவதில்லை, வெறும் வரிகள் அட்டவணையில் வருகின்றன. யார் யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்று தெரியாமல் அகராதியின் முதல் பொருளை எடுத்து வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார்கள். இதே ஆங்கிலச் சொல் 1998இல் விதைக் காப்புரிமைச் சர்ச்சையில் பேசப்பட்டது. அறுவடையில் கிடைக்கும் விதை மறுபடி முளைக்காதபடி மாற்றும் தொழில்நுட்பத்துக்கு எதிர்ப்பாளர்கள் டெர்மினேட்டர் என்று பெயர் வைத்தார்கள். தமிழில் அதை யாரும் ‘அழிப்பான் விதை’ என்று பேசவில்லை. மலட்டு விதை என்றார்கள். வயலைப் பார்த்தவர்கள் வைத்த பெயர் அது. சொல்லை விட்டுவிட்டு அது செய்கிற வேலையைப் பெயராக்கினார்கள். உழவர் மத்தியில் உடனே நின்றது.

என் சொற்பட்டியலைத் திருத்தி, காரணம் எழுதி அனுப்பினேன். “பட்டியலைப் பின்பற்றவும்” என்று ஒரு வரியில் பதில் வந்தது. அடுத்த வேலையிலும் எழுதி அனுப்புவேன்.

பயன்படுத்த நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாலே எழுத்து, வசன வரியில் இடம் பிடிக்காது. பன்மை கொல்பொறிகள், வினை எப்போதும் அஃறிணை. ஒட்டியே எழுதுங்கள். சில எழுத்துப்பிழை திருத்திகள் இதை ‘கொல் பொறி’ என்று பிரித்துவிடுகின்றன. பிரித்தால் தொகை கலைந்துவிடும், ‘கொல்’ என்பது பொறியைப் பார்த்துச் சொன்ன கட்டளையாகிவிடும்.