நிலக்கரி ஓட்டிய டிப்பர் டிரெய்லரில் எம்-சாண்ட்: வாங்கும் முன் ஒரு கணக்கு

சங்ககிரிப் பக்கம் டிப்பர், டிரெய்லர் பாடிகளுக்கு ஜாக்கி (பாடியைத் தூக்கும் ஹைட்ராலிக் கருவி) வேலையும் வெல்டிங்கும் பார்க்கிற பட்டறை என்னுடையது. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. டிப்பர் டிரெய்லர், அதாவது தனி வண்டி இழுத்துப் போக, பாடியைத் தூக்கி லோடு கொட்டும் டிரெய்லர், எடுக்க நினைப்பவர்கள் வந்து கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எத்தனை யூனிட் பிடிக்குமுங்க?" எத்தனை டன் ஏற்றலாம் என்று கேட்பவர் அபூர்வம். ஜல்லியும் எம்-சாண்டும் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) யூனிட் கணக்கில், அதாவது நூறு கன அடிக்கு ஒரு யூனிட் என்று, விற்பதால் இந்தப் பழக்கம். ஆனால் சாலையும் சட்டமும் ஜாக்கியும் டன்னைத்தான் பார்க்கின்றன.

இரண்டு வருடத்துக்கு முன் தெரிந்தவர் ஒருவர் பழைய டிரெய்லர் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தார். துறைமுகத்திலிருந்து அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி ஓட்டிய வண்டி. விலை மலிவு, பாடி பார்க்கப் பெரிது. கல் உடைக்கும் கிரஷரிலிருந்து எம்-சாண்ட் ஓட்ட ஆரம்பித்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. பாடி தூக்கும்போது திரும்பும் பின்பக்கக் கீலின் பின் துளை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தது. டிரெய்லரை இழுக்கும் வண்டியோடு இணைக்கும் கிங்பின்னின் தட்டுக்குப் பக்கத்தில் சேஸில் விரல் நீளத்துக்கு விரிசல். "நல்ல வண்டின்னு நம்பித்தான் வாங்கினேனுங்க" என்றார். வண்டி நல்ல வண்டிதான். சுமைதான் வேறு.

டேப்பை எடுத்துப் பாடியின் உள்ளளவைப் பார்த்தேன். நீளம் 9 மீட்டர், அகலம் 2.3, உயரம் 1.7. பெருக்கினால் சுமார் 35 கன மீட்டர். நம் கணக்கில் 12 யூனிட்டுக்கு மேல். நிலக்கரி ஒரு கன மீட்டர் ஒரு டன்னுக்கும் குறைவு, அதனால் பாடி நிறைய ஏற்றினாலும் தாங்கிக்கொண்டது. எம்-சாண்ட் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 1.6 டன், ஈரமானால் இன்னும் கூடும். அதே பாடியை நிறைத்தால் 56 டன்.

ஏற்றக்கூடியது எவ்வளவு? 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியது. இழுக்கும் வண்டியின் முன் அச்சுக்கு 7 டன், அதன் பின்னால் இரட்டை அச்சுக்கு 21, டிரெய்லரின் மூன்று அச்சுக்கு 27. கூட்டினால் 55 டன். இது வண்டியும் லோடும் சேர்ந்த எடை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இழுக்கும் வண்டியும் இரும்பு டிரெய்லருமே 18, 19 டன் வந்துவிடும். மிச்சம் 36 டன் சொச்சம். இழுக்கும் வண்டிக்குப் பின்னால் ஒற்றை அச்சுதான் என்றால் மொத்தமே 45.5 டன், அதில் லோடு 30 டன் பக்கம்தான் நிற்கும்.

அவருடைய வண்டி பாடி நிறைய ஓடியபோது 19 டன் அதிகம். மோட்டார் வாகனச் சட்டப்படி அதிகச் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஆக 58,000. அபராதத்தைக்கூட விடுங்கள். இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் ஸ்கூட்டர்மேல் ஏறினால் அதற்கு எந்தக் கணக்கும் கிடையாது.

அதனால் என் பட்டறையில் நான் சொல்வது இது: முதலில் என்ன பொருள் என்று முடிவு செய்யுங்கள். ஏற்றக்கூடிய டன்னை அந்தப் பொருளின் எடையால் வகுத்து, அதற்கேற்ற கொள்ளளவில் பாடி கட்டுங்கள். எம்-சாண்டுக்கும் ஜல்லிக்கும் 22, 23 கன மீட்டர் போதும். பெரிய பாடி இருந்தால் கிரஷரில் லோடர்காரர் நிறைத்துத்தான் விடுவார், டிரைவரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்.

பாடியின் வடிவமும் முக்கியம். அரைவட்ட அடித்தளம் உள்ள பாடியில் ஈர எம்-சாண்ட், கிரஷர் டஸ்ட் சுத்தமாக வழுக்கி இறங்கும். சதுரப் பெட்டியில் மூலைகளில் அப்பிக்கொள்ளும். குவாரியிலிருந்து பெரிய கல் ஓட்டினால் தளத்தகடு தடிமனாக வேண்டும், அதற்கு டிரெய்லரைவிட ராக் பாடி டிப்பர்தான் சரி. ஹார்டாக்ஸ் போன்ற தேய்மானம் தாங்கும் தகடு விலை கூடுதல்தான். ஆனால் மெல்லிசாகப் போடலாம், வண்டி எடை குறையும், அந்த எடைக்கு லோடு ஏற்றலாம்.

இப்போது நான் அதிகம் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். டிரெய்லர் ஓடும்போது மட்டுமல்ல, லோடு இறக்கும்போதும் கவிழும். பாடி மேலே எழும்போது லோடின் எடையும் மேலே போகிறது. பின்பக்க மணல் இறங்கி, முன்பக்கத்தில் அப்பிய ஈர மணல் உச்சியில் நின்றுவிட்டால், மொத்தப் பாரமும் ஆகாயத்தில் தொங்குகிற மாதிரி. பாரத்தின் மையம் நாலரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். தரை பக்கவாட்டில் 5 டிகிரி சாய்ந்திருந்தால் அந்த மையம் 39 சென்டிமீட்டர் ஒதுங்கிவிடும். இருபுற ஸ்பிரிங்குகளுக்கும் நடுவே இருப்பது சுமார் ஒரு மீட்டர்தான், அதாவது நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு அரை மீட்டர். பிறகு ஒரு பக்க ஸ்பிரிங் அமுங்கும், அமுங்கியதால் இன்னும் சாயும். ஒரு பக்க டயரில் காற்று குறைந்திருந்தாலும் இதே கதைதான்.

இறங்காத மணலை உதற, பாடியைத் தூக்கியபடியே வண்டியை முன்னே இழுத்துச் சட்டென்று பிரேக் அடிக்கிற வழக்கம் ஒன்று இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். பாடியைக் கீழே இறக்கி, மணலைக் கிளறிவிட்டு, அப்புறம் தூக்குங்கள். பத்து நிமிடம் போகும், போகட்டும். தூக்குவதற்கு முன் இழுக்கும் வண்டியும் டிரெய்லரும் ஒரே நேர்கோட்டில் நிற்கவேண்டும். மடங்கி நிற்கும்போது தூக்கினால் கவிழ வாய்ப்பு அதிகம். பாடி உயரும்போது பக்கவாட்டில் யாரும் நிற்கக்கூடாது, கிளீனர் உட்பட.

மின்கம்பியையும் பாருங்கள். 9 மீட்டர் பாடியை 45 டிகிரிக்குத் தூக்கினால் முன்முனை தரையிலிருந்து எட்டு மீட்டரைத் தாண்டும். தெருவைக் கடக்கும் வீட்டு மின்கம்பிக்கு விதிப்படி குறைந்தபட்ச உயரமே 5.8 மீட்டர்தான், 11,000 வோல்ட் கம்பிக்கு 6.1. அதாவது கம்பி சரியான உயரத்தில் இருந்தாலும் நம் பாடி அதில் முட்டும். கம்பி பட்டுவிட்டால் டிரைவர் கேபினைவிட்டு இறங்கக்கூடாது. மின்வாரியத்தில் லைனை நிறுத்தும்வரை மற்றவர்களும் கிட்டே போகக்கூடாது. தீப்பிடித்து இறங்கியே ஆகவேண்டும் என்றால், வண்டியைத் தொடாமல் இரண்டு காலையும் சேர்த்து வெளியே குதித்து, காலைப் பிரிக்காமலே தள்ளிப் போகவேண்டும்.

இதையெல்லாம் பார்க்கும்போது, ஜல்லி வியாபாரம் செய்கிற பலருக்கு டிரெய்லரே தேவையில்லை என்பதுதான் என் எண்ணம். கரூர் க.பரமத்தி கிரஷரில் ஏற்றி, நாலுவழிச் சாலையில் ஓடி, ரெடிமிக்ஸ் பிளான்ட்டின் கான்கிரீட் தரையில் கொட்டுகிறவருக்கு டிரெய்லர் லாபம். வீடு கட்டும் சைட், புதுமண் நிரப்பிய மனை, தெருமுனை என்று போகிறவருக்கு லோடோடு மொத்தம் 28 டன் வரும் பத்துச் சக்கர டிப்பர் அல்லது 35 டன் வரும் பன்னிரண்டு சக்கர டிப்பர் போதும். லோடு குறையும், ஆனால் நிலையாக நின்று இறக்கும், திரும்பவும் இடம் கிடைக்கும்.

பழைய டிரெய்லர் வாங்குவதானால் பாடியைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். பாதியில் நிறுத்தி அரைமணி நேரம் விடுங்கள், தானாக இறங்கினால் ஜாக்கி சீலோ வால்வோ போயிருக்கிறது. கீல் பின், கிங்பின் சுற்று வெல்டிங், ஹோஸ் பைப், பின்கதவுப் பூட்டு எல்லாம் டார்ச் அடித்துப் பார்க்கவேண்டியவை. பாடிக்குத் தாங்கு ஸ்டாண்டு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஸ்டாண்டு போடாமல் தூக்கிய பாடிக்குக் கீழே என் பட்டறையில் யாரும் கையைக்கூட நீட்டமாட்டார்கள். ஹோஸ் ஒன்று வெடித்தால் பாடி கீழே வர நொடிகள் போதும். அப்புறம், கிளம்பும்போது பி.டி.ஓ-வை (எஞ்சினிலிருந்து ஜாக்கி பம்புக்கு விசை கொடுக்கும் இணைப்பு) கழற்றினோமா என்று டிரைவர் பார்க்கவேண்டும். அது ஓடிக்கொண்டே இருந்தால் சாலையிலேயே பாடி எழும்பி, மேலே இருக்கும் போர்டிலோ பாலத்திலோ இடிக்கும்.

அந்த நிலக்கரி டிரெய்லரின் விரிசலை வெட்டித் தட்டு வைத்து வெல்டிங் செய்தோம், கீலுக்குப் புது புஷ் போட்டோம். பாடிக்குள் தளத்திலிருந்து 1.1 மீட்டர் உயரத்தில் நான்கு பக்கமும் வெள்ளைப் பெயின்டில் கோடு இழுத்தேன். எம்-சாண்ட் அதற்கு மேல் ஏறக்கூடாது, ஈரமாக இருந்தால் ஒரு மீட்டரோடு நிறுத்தவேண்டும். முதல் லோடை எடைமேடையில் நிறுத்திப் பார்த்துவிட்டுப் போன் செய்தார், 54 டன் சொச்சம் காட்டியதாம். கோடு அழிந்தால் மறுபடி பெயின்ட் அடிக்க வரச்சொல்லியிருக்கிறேன்.