‘ச’ இல்லாத கீபோர்டு: கை வலிக்காகப் பிரிந்த விசைப்பலகை வாங்கும் முன்

போன ஆடி மாதம் ஒரு சாயங்காலம், சத்துவாச்சாரியில் டி.டி.பி. கடை வைத்திருக்கும் ஒருவர் ஒரு சின்ன அட்டைப் பெட்டியோடு என் கிளினிக்குக்கு வந்தார். வலது மணிக்கட்டு வலிக்காக மூன்று மாதமாக என்னிடம் பிசியோதெரபி எடுத்துக்கொள்பவர். பெட்டிக்குள் இரண்டு துண்டாகப் பிரிந்த ஒரு கீபோர்டு. அப்பா படுகிற பாட்டைப் பார்த்து, பெங்களூரில் வேலை செய்யும் மகன் ஆன்லைனில் வாங்கி அனுப்பியிருக்கிறார்.

“நல்லாதான் இருக்குது மேடம். ஆனா இதுல ‘ச’வே இல்ல. ‘ஞ’வும் இல்ல. சொத்து, சாட்சி, சர்வே எண், சார்பதிவாளர்... பத்திரத்துல ‘ச’ இல்லாம ஒரு பக்கம் அடிக்க முடியுமா?”

எனக்கு உடனே பதில் தெரியவில்லை. 16 வருடமாக வேலூரில் கை, கழுத்து, முதுகு வலிகளைப் பார்க்கிறேன். பிரிந்த கீபோர்டைப் பலருக்குப் பரிந்துரைத்தும் இருக்கிறேன். ஆனால் அவர்கள் எல்லோரும் ஆங்கிலத்தில் அடிப்பவர்கள்: காட்பாடியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஐ.டி. பிள்ளைகள், மருத்துவ டிரான்ஸ்கிரிப்ஷன் செய்யும் பெண்கள், ராணிப்பேட்டைத் தோல் கம்பெனிகளில் ஏற்றுமதிக் கணக்கு பார்ப்பவர்கள். தமிழில் அடிப்பவரின் கையை நான் தனியாக யோசித்ததே இல்லை. அன்றைக்கு இரவு தமிழ்99 விசைப்பலகையின் படத்தை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவருக்கு வலி ஏன் வலது கையில் மட்டும் வருகிறது என்பதும் அப்போதுதான் புரிந்தது. அதற்கு வருகிறேன். முதலில் கையைப் பார்த்துவிடலாம்.

எதிரில் நிற்பவரிடமிருந்து ஒரு தாம்பாளத்தை வாங்கப் போவதுபோல் இரண்டு கைகளையும் நீட்டிப் பாருங்கள். உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும். மணிக்கட்டு நேராக இருக்கும். கைகளுக்கு நடுவே தோள் அகலத்துக்கு இடைவெளி இருக்கும். கை சிரமமில்லாமல் இருக்கும் நிலை ஏறக்குறைய இதுதான். இப்போது அதே கைகளைச் சாதாரணக் கீபோர்டின் மேல் கொண்டுபோய் வையுங்கள். முன்னங்கை உள்பக்கமாகத் திரும்பி உள்ளங்கை கவிழ்ந்துகொள்ளும். விரல்கள் நடுவில் இருக்கும் எழுத்துகளுக்கு வருவதற்காக மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கம் ஒடிந்து நிற்கும். கீபோர்டின் பின்னால் இருக்கும் சின்னக் கால்களையும் தூக்கி வைத்திருந்தால் மணிக்கட்டு மேல்நோக்கி வேறு வளையும். இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து, ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்.

நம் கையில் பிழை இல்லை. 1870களில் வந்த தட்டச்சு இயந்திரத்தில் ஒவ்வொரு விசைக்குக் கீழும் ஒரு நெம்புகோல் ஓட வேண்டியிருந்தது. ஒரு வரிசைக்கு அடுத்த வரிசை சாய்வாக விலகி நின்றால்தான் அந்தக் கம்பிகள் ஒன்றோடொன்று இடிக்காது. கம்பிகள் போய்விட்டன, அந்தச் சாய்வு மட்டும் இன்னும் நம் மேஜையில் இருக்கிறது. ஆனால் பழைய மிஷினில் ஒரு நன்மையும் இருந்தது. வரி முடியும்போதெல்லாம் கையை எடுத்து லீவரைத் தள்ளியாக வேண்டும். மணிக்கட்டை எங்கேயும் ஊன்றவும் முடியாது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் பரீட்சை முடித்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவேன்: அவர்கள் மணிக்கட்டு அந்தரத்தில் நிற்கும். ஆனால் மிஷின் பழக்கத்தில் விசையை ஓங்கி அடிப்பார்கள். அதுதான் அவர்கள் விட வேண்டிய பழக்கம்.

சரி, பிரிந்த கீபோர்டு என்ன செய்யும்? இரண்டு பாதியையும் தோள் அகலத்துக்குத் தள்ளி வைத்தால் மணிக்கட்டு ஒடிவது குறையும். ஒவ்வொரு பாதியின் உள் ஓரத்தையும் கூடாரம்போல் உயர்த்தினால் முன்னங்கை கவிழ்வது குறையும். பின்பக்கக் கால்களை மடக்கிவிட்டால் மணிக்கட்டு மேல்நோக்கி வளைவதும் குறையும். இந்த மூன்றாவதற்குப் புதுக் கீபோர்டே வேண்டாம். இதைப் படித்து முடித்ததும் உங்கள் கீபோர்டைத் திருப்பி அந்தக் கால்களை மடக்கிவிடுங்கள். பைசா செலவில்லாமல் நான் தரும் முதல் சிகிச்சை அதுதான்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். இந்தக் கீபோர்டு மணிக்கட்டின் கோணத்தைத் திருத்தும் என்பது அளந்து பார்த்த விஷயம். மணிக்கட்டுக்குள் நரம்பு நெருக்கப்படும் கார்ப்பல் டனல் நோயை இது தடுக்கும், குணப்படுத்தும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. விளம்பரங்களில் அப்படித் தொனிக்கும், நம்பி ஏமாறாதீர்கள். வலி எங்கே, எந்தக் கோணத்தில் என்று தெரிந்துகொண்டு வாங்கினால் பலன் தரும் ஒரு கருவி, அவ்வளவுதான்.

அதனால் கடைக்குப் போகும் முன் உங்கள் கையைக் கவனியுங்கள். மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் வலிக்கிறதா? அப்படியென்றால் பாதிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளிதான் உங்களுக்கு முக்கியம். முழங்கைக்குக் கீழே முன்னங்கையின் மேல்பக்கம் பாரமாக இழுக்கிறதா? கூடாரச் சாய்வு உள்ளதைப் பாருங்கள். வலிப்பது கட்டைவிரலின் அடியில் என்றால் கொஞ்சம் நிதானியுங்கள். முழுதாகப் பிரிந்த பல மாடல்களில் என்டர், பேக்ஸ்பேஸ் எல்லாவற்றையும் கட்டைவிரலிடம் கொடுத்துவிடுவார்கள். போனை ஓயாமல் தள்ளித் தள்ளி ஏற்கெனவே வீங்கிய கட்டைவிரல் நாண் இன்னும் மோசமாகும். தோளும் கழுத்தும்தான் தொல்லை என்றால், பல நேரம் குற்றவாளி மவுஸ். வலது ஓரத்தில் எண் விசைகள் இருக்கும் கீபோர்டில் மவுஸ் அதையும் தாண்டிப் போய் உட்கார்ந்திருக்கும். அதை எட்டி எட்டித்தான் தோள் நோகிறது. எண் விசைகள் இல்லாத சாதாரணக் கீபோர்டு ஒன்றே போதும். காட்பாடிப் பெண் ஒருவருக்கு நான் அதை மட்டும்தான் மாற்றச் சொன்னேன்.

வகைகளும் ஒன்றல்ல. 1994-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த நேச்சுரல் கீபோர்டு ஒரே பலகைதான், நடுவில் பிளந்து வளைந்திருக்கும். லாஜிடெக் எர்கோ கே860 அதே ஜாதி. இடைவெளியை மாற்ற முடியாது. ஆனால் பழகுவது சுலபம். பெரும்பாலானவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்கிறேன். முழுதாக இரண்டு துண்டாக வருவதில் அகலம், சாய்வு இரண்டும் நம் கையில். விலை பத்தாயிரம் ரூபாயைச் சாதாரணமாகத் தாண்டும். அதிலும் விசைகள் வழக்கம்போல் சாய்வு வரிசையில் இருப்பவை உண்டு, விரல் நீளத்துக்கு ஏற்பச் செங்குத்தாக அடுக்கியவையும் உண்டு. பார்த்துப் பார்த்து அடிப்பவர்கள் செங்குத்து அடுக்கில் திண்டாடிப் போவார்கள்.

இப்போது ‘ச’வுக்கு வருகிறேன்.

தமிழ்99 என்பது 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி அரசு ஏற்றுக்கொண்ட விசை அமைப்பு. 31 விசைகள். உயிரெழுத்து 12-உம் புள்ளியும் இடது கைக்கு. மெய் வரிசையில் வ, ங தவிர மற்ற 16-உம் வலது கைக்கு. இடம், வலம் என்று கைகள் மாறி மாறி அடிப்பதால் வேகம் வரும். ஆனால் தமிழில் அகர மெய்க்குத் தனியாக உயிர் அடிக்க வேண்டியதில்லையே. ‘மரம்’ என்று அடித்துப் பாருங்கள்: ம, ர, ம மூன்றும் வலது கை, புள்ளி ஒன்றுதான் இடது. ‘கடல்’, ‘பணம்’, ‘தகரம்’ எல்லாம் அப்படியே. அதைவிட முக்கியம், வலது சுண்டுவிரல். ண, ச, ஞ, ந, ய, ழ ஆறும் அந்த ஒரு விரலின் பொறுப்பு. ஆங்கிலத்தில் அந்த விரல் ‘பி’ (P) ஒன்றை அடித்துவிட்டு, மீதி நேரம் நிறுத்தக்குறிகளுக்குத்தான் போகும். ச, ஞ இரண்டும் ஆங்கிலத்தின் சதுர அடைப்புக்குறி விசைகளில் இருக்கின்றன, மேல்வரிசையின் வலது கோடியில். அங்கே எட்டுவதற்கு ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கம் ஒடிகிறது.

நம் டி.டி.பி. நண்பர் முதல் நாள் வந்தபோது சொன்னது நினைவுக்கு வந்தது. “சாயங்காலம் ஆனா சுண்டுவிரல் பக்கம் இருந்து முழங்கை வரைக்கும் சுருக் சுருக்னு இஸ்துகினு போவுது மேடம்.” அவர் கை சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

சிறிய பிரிந்த கீபோர்டுகள் சிலவற்றில் 42 விசைதான் இருக்கும். ஆங்கிலத்தில் அடைப்புக்குறி அபூர்வம் என்பதால் முதலில் தூக்குவது அந்த இரண்டு விசைகளைத்தான். வேறொரு விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு அடித்தால் கிடைக்கும். எப்போதோ ஒரு தடவை தேவைப்படுகிறவர்களுக்கு அது சரி. பக்கத்துக்கு ஐம்பது ‘ச’ அடிப்பவருக்கு அது புது வலியை இழுத்து வரும். ஆகவே தமிழில் அடிப்பவர்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, வலது பாதியில் அடைப்புக்குறி இரண்டும், அரைப்புள்ளியும், மேற்கோள்குறியும், சாய்கோடும் தனித்தனி விசையாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். அவைதான் நமக்கு ச, ஞ, ந, ய, ழ. விசைகளை மென்பொருளால் இடம் மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. ‘ச’வைச் சுண்டுவிரலுக்கு அருகில் கொண்டுவந்துவிடலாம். பழைய தட்டச்சு அமைப்பிலேயே அடிப்பவர்களுக்கு இதைவிட அதிக விசைகள் வேண்டும். அவர்கள் சின்னக் கீபோர்டு பக்கமே போக வேண்டாம்.

மேஜையையும் அளக்க வேண்டும். நம் ஊர்க் கம்ப்யூட்டர் மேஜைகளில் கீபோர்டுக்கு ஓர் இழுப்புத் தட்டு இருக்கும். பிரிந்த கீபோர்டைத் தோள் அகலத்துக்கு விரித்தால் அதில் மவுஸுக்கு இடமிருக்காது. கூடாரமாக உயர்த்தினால் தட்டை உள்ளே தள்ளவும் முடியாது. தட்டு வேண்டாம் என்று மேலே வைத்தால், சாதாரண மேஜை உயரம் சுமார் 75 சென்டிமீட்டர். ஐந்தடி உயரமுள்ள பெண் ஒருவர் அதில் அடிக்கத் தோளைத் தூக்கியாக வேண்டும். நாற்காலியை உயர்த்திக்கொண்டு, காலுக்கு ஒரு பலகை போட்டுக்கொள்ளுங்கள். முழங்கை மேஜை மட்டத்துக்கு வந்தால் போதும். பனை விசிறி அகலத்துக்குக் கைத்தாங்கி தருகிறார்கள். அது அடிப்பதற்கு நடுவில் ஓய்வெடுக்க மட்டும். ஊன்றியபடியே அடித்தால் நரம்பு ஓடும் இடத்தையே அழுத்துவீர்கள்.

புதுக் கீபோர்டு வந்த அன்றே பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். முதல் வாரம் வேகம் பாதியாகிவிடும். ஒரு நாளைக்கு அரை மணி நேரம், அவசரமில்லாத வேலைக்கு மட்டும் என்று ஆரம்பியுங்கள். பாதிகளை முதலில் பக்கத்தில் வைத்து, வாரத்துக்கு இரண்டு விரல்கடை என்று விலக்கிக்கொண்டே போங்கள். சாய்வையும் அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக. பலருக்கு மூன்று நான்கு வாரத்தில் கை படிந்துவிடும். ‘பி’ (B), ‘ஒய்’ (Y) விசைகளைத் தவறான கையால் அடித்துவந்தது அப்போதுதான் தெரியும். அந்தப் பக்கம் விசையே இருக்காது.

இதெல்லாம் வலிக்கு. மரத்துப்போவது வேறு சங்கதி. கட்டைவிரலிலிருந்து மோதிரவிரலின் பாதி வரை மரத்துப்போய், நடுராத்திரியில் எழுந்து கையை உதறுகிறீர்கள் என்றால், மணிக்கட்டுக்குள் நடு நரம்பு நெருக்கப்படுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். ஒன்பது தசைநாண்களோடு அந்த நரம்பும் ஒரே குறுகிய வழியில் போகிறது. சர்க்கரை, தைராய்டு குறைவு, கர்ப்பம் இவற்றில் இது அதிகம் வரும். கீபோர்டில் காரணத்தைத் தேடிக்கொண்டு சர்க்கரையைப் பார்க்காமல் விட்டவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலின் மறுபாதியும் மரத்தால் முழங்கை வழியாக வரும் அல்நார் நரம்பைப் பார்க்க வேண்டும். டம்ளர் கை நழுவுகிறது, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, கட்டைவிரல் மேட்டின் சதை வற்றுகிறது என்றால் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். கீபோர்டு தேடிக் காலம் கடத்தாதீர்கள்.

கைக்கு வைத்தியம் பார்ப்பதில் உலகமே திரும்பிப் பார்த்த ஊர் இது. 1946-இல் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த அறுவைசிகிச்சை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களுக்குத் தசைநாண்களை மாற்றிவைத்து மறுபடி வேலை செய்ய வைத்தார். அந்த நோயாளிகளின் கைகள் சிதைந்ததற்கு உணர்ச்சி அற்றுப்போனதே பெரிய காரணம் என்று கண்டு சொன்னவர்களில் அவர் முக்கியமானவர். அடிபட்டாலும் சுட்டாலும் தெரியாது, அதனால் காயம் மேல் காயம். மாத்திரை போட்டு வலியை அமுக்கிவிட்டு ராத்திரி பத்து மணி வரை அடிக்கிறேன் என்று யாராவது சொல்லும்போது எனக்கு அதுதான் நினைவுக்கு வரும்.

டி.டி.பி. நண்பர் அந்தச் சின்னக் கீபோர்டைத் திருப்பி அனுப்பிவிட்டு, விசைகள் குறையாத, முழுதாகப் பிரிந்த ஒன்றை வாங்கினார். ஆசாரியை வரவழைத்து மேஜையின் இழுப்புத் தட்டைக் கழற்றினார். நாற்காலி உயர்ந்தது, காலுக்கு ஒரு மணை வந்தது. ‘ச’வை ‘ய’ இருந்த இடத்துக்கும், ‘ய’வை ‘ச’ இருந்த இடத்துக்கும் மாற்றிப் பார்த்தார். நான்கு நாளில் அதை விட்டுவிட்டுப் பழையபடியே வைத்துக்கொண்டார், பழகிய விரல் கேட்கவில்லை. ஒரு பத்திரம் முடிந்தால் எழுந்து வாசல் வரை நடந்துவிட்டு வரச் சொன்னேன், செய்கிறார். கோர்ட்டு நேரத்தில் கூட்டம் நெருக்கினால் பழைய கீபோர்டை எடுத்துக்கொள்கிறார். வலி முழுக்கப் போகவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தது இப்போது எட்டு மணிக்கு வருகிறது, முழங்கைக்கு ஏறுவதில்லை. வாரத்துக்கு மூன்று நாள் வந்துகொண்டிருந்தவரை மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.