பாட்டில் ஏன் நிரம்பியே திரும்பி வருகிறது?

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனை அவன் அம்மா என்னிடம் அழைத்து வந்தார். இரண்டு மாதத்தில் இரண்டு தடவை சிறுநீர்த் தொற்று. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி மருத்துவர் அனுப்பிவிட்டார். ஆனால் காலையில் நிரப்பிக் கொடுக்கிற பாட்டில் மாலையில் அப்படியே வருகிறது. மூன்றாவது சந்திப்பில்தான் பையன் வாயைத் திறந்தான். தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போகணும். உள்ளே போனால் நாலு பேர் வெளியிலிருந்து கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. பள்ளி ஆலோசகராக நான் பார்க்கிற, சக மாணவர்களின் கொடுமைக்கு (bullying) ஆளான பிள்ளைகளில் பெரும்பாலோர் இப்படித்தான் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆரம்பிக்கிற வயிற்றுவலி, வாராவாரம் தொலைகிற பென்சில் பாக்ஸ், இவ்வளவு நாள் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த சிநேகிதியின் பெயர் திடீரென்று வீட்டில் கேட்காமல் போவது. இதில் ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிட முடியாது. இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் உட்கார்ந்து பேச வேண்டிய நேரம்.

1982 இறுதியில் நார்வேயில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். சக மாணவர்களின் கொடுமையே காரணமாகப் பேசப்பட்டது. அடுத்த ஆண்டே அரசு நாடு தழுவிய இயக்கம் தொடங்கியது. அப்போது தடுப்புத் திட்டம் ஒன்றை வகுத்த உளவியலாளர் டான் ஓல்வேயஸ், எது வெறும் சண்டை, எது கொடுமை என்று பிரித்துப் பார்க்க வைத்த அளவுகோலைத்தான் இன்றும் நாங்கள் கையில் வைத்திருக்கிறோம். வேண்டுமென்றே செய்கிறார்களா? திரும்பத் திரும்ப நடக்கிறதா? ஒரு பக்கம் பலம் கூடியிருக்கிறதா? பலம் என்றால் உடல் பலம் மட்டுமல்ல. கூட்டுச் சேர்க்கத் தெரிந்த பிள்ளைக்கும் பலம் உண்டு, வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பின் அட்மினுக்கும் உண்டு.

மூன்றாவது கேள்வியைப் பள்ளிகள் விட்டுவிடுகின்றன. அதனால்தான் இருவரையும் நிற்க வைத்து, "கை குடுத்துக்கோங்க, இனிமே ஃப்ரெண்ட்ஸ்" என்று முடித்துவிடுகிறார்கள். சரிசமமான இருவர் போட்ட சண்டைக்கு அது பொருந்தும். இங்கே அடிபட்டவனை அடித்தவன் முன்னாலேயே நிறுத்திப் பேசச் சொல்கிறோம். அவன் என்னத்தைச் சொல்வான்? "ஒண்ணுமில்ல மிஸ், விளையாட்டுக்குத்தான்" என்பான். அன்று மாலையே மறுபடி நடக்கும். (ஆசிரியரே பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிற வகுப்பையும் பார்த்திருக்கிறேன். அங்கே என் வேலை பிள்ளைகளிடம் தொடங்குவதில்லை.)

வீட்டிலும் இரண்டு பேச்சு கெடுதல் செய்யும். "நீயும் திருப்பி ஒண்ணு வைடா" என்பது ஒன்று, "நீ என்ன பண்ணினே?" என்பது மற்றொன்று. முதலாவது அவனால் முடியாததைக் கேட்கிறது, இரண்டாவது பழியை அவன் தலையிலேயே போடுகிறது. முழுசாகக் கேளுங்கள். நாள், இடம், கூட இருந்தவர்கள் யார் யார் என்று எழுதி வையுங்கள். போனில் வந்ததை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நேரே எதிர்த்தரப்புப் பெற்றோரிடம் போகாமல் எழுதியதோடு வகுப்பாசிரியரைப் பாருங்கள்.

கூட இருந்தவர்களை நான் ஏன் கேட்கிறேன்? டொராண்டோ பள்ளி மைதானங்களில் கேமராவும் மைக்கும் வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2001இல் வெளிவந்தது. பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது சம்பவங்களில் வேறு பிள்ளைகள் பக்கத்திலேயே இருந்தார்கள். அவர்களில் ஒருவராவது தலையிட்டது ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில்தான். ஆனால் தலையிட்டபோது, பாதிக்கும் மேல் பத்து விநாடிக்குள் நின்றுபோனது. பள்ளிகளில் இந்தக் கொடுமையைத் தடுக்கப் பின்லாந்தில் உருவான கிவா திட்டமும் இந்த வேடிக்கை பார்க்கிற கூட்டத்தைத்தான் குறிவைக்கிறது. சிரிக்க ஆளில்லை என்றால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதில் என்ன ருசி?

அந்தப் பாட்டில் பையனின் பள்ளியில், பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லி, பள்ளியின் வரைபடத்தை எல்லா மாணவர்களிடமும் கொடுத்தோம். போகப் பயமாக இருக்கிற இடத்தில் சிவப்பு வையுங்கள் என்றோம். இரண்டாம் மாடிக் கழிவறையும் பின்பக்கப் படிக்கட்டும் சிவந்து திரும்பின. ஆசிரியர்களின் இடைவேளை டியூட்டி அதுவரை மைதானத்தில்தான் இருந்தது. மறுநாளே அந்த இரண்டு இடத்துக்கும் மாற்றினார்கள்.

கதவைப் பிடித்த மூவரிடமும் தனித்தனியாகப் பேசினோம். அதில் ஒருவனுக்கு வீட்டில் தினமும் அடி விழுகிறது என்பது தெரியவந்தது, அது தனி வேலை. நாலாவது பையனோடுதான் எனக்கு நேரம் பிடித்தது. "நான் கதவைத் தொடவே இல்ல மிஸ், சும்மா நின்னேன், சிரிச்சேன், அவ்வளவுதான்" என்றான். நிஜம்தான்.

"சரி, நீ தொடலைன்னு உள்ள இருந்தவனுக்குத் தெரியுமா?"

நகத்தைக் கடித்தபடி ரொம்ப நேரம் யோசித்தான். "தெரியாது மிஸ். உள்ள சிரிப்பு மட்டும்தான் கேட்கும்."