நான்கு பகடையும் ஏழு சொற்களும்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இரண்டாம் படிவம் படிக்கும் மாணவி ஒருத்தி கேட்டிருந்தாள்: "நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு ஆட்டம் உருவாக்குகிறோம் சார். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கு ஒரு பாத்திரமாகப் பேசி, கதையை நடத்திக்கொண்டு போகிற ஆட்டம். கடாரத்துக்கு வருகிற சோழர் கப்பலாக இருந்தாலும் செவ்வாயில் ஒரு குடியிருப்பாக இருந்தாலும் விதி ஒன்றுதான். எல்லாருக்கும் இலவசம். ஒரு பகடை போதுமா, பல பகடை வேண்டுமா?"

கேள்வியைப் படித்ததும் எனக்கு என் பாட்டியின் தாயக்கட்டைதான் நினைவுக்கு வந்தது. ஜார்ஜ்டவுனில் எங்கள் பழைய வீட்டுக் கூடத்தில் சாக்பீஸால் கட்டம் போட்டிருப்பார். விரல் நீளத்துக்கு இரண்டு பித்தளைக் கட்டைகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம்: வெறுமை, ஒரு புள்ளி, இரண்டு, மூன்று. உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டித் தரையில் விடும்போது கேட்கும் கணகண சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஒன்று விழுந்தால் தாயம், அப்போதுதான் காய் உள்ளே இறங்கும். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு.

இரண்டு கட்டைகளும் விழக்கூடிய விதங்கள் 4 × 4 = 16. இதில் மூன்று விழ நான்கு வழி உண்டு. தாயத்துக்கு இரண்டு வழி, ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் ஒவ்வொரு வழிதான். அதனால்தான் மூன்று சலிக்கச் சலிக்க விழுந்தது, பன்னிரண்டு விழுந்தபோது வீடே கத்தியது. பாட்டிக்கு நிகழ்தகவு என்ற சொல் தெரியாது. ஆனால் எந்தக் காயை எங்கே நிறுத்தினால் வெட்டுப்படும் என்று அவர் போட்ட கணக்கு இந்தப் பதினாறு வழிகளின் கணக்குத்தான்.

இனி மாணவியின் ஆட்டத்துக்கு வருவோம். இந்த வகை ஆட்டங்களில் முதலில் அச்சில் விற்பனைக்கு வந்தது 1974இல் வெளியான 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அது வாளும் மந்திரமும் நிறைந்த ஓர் உலகத்துக்கானது. எந்தக் கதைக்கும் பொருந்தும் பொது விதி என்ற எண்ணத்தைப் பெரிய அளவில் செய்துகாட்டியது 1986இல் வந்த 'கர்ப்ஸ்'. 1992இல் ஸ்டெஃபான் ஓ'சல்லிவன் என்பவர் இணையத்தில் பலரோடு பேசிப் பேசி, எல்லாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி ஒரு பொது விதியைச் செய்தார். அதன் பெயர் 'ஃபட்ஜ்'. இந்த மாணவி செய்ய நினைப்பதும் ஏறக்குறைய அதேதான்.

பகடை ஒன்றா பலவா? இருபது முகப் பகடை ஒன்றை உருட்டினால் ஒவ்வோர் எண்ணுக்கும் சரியாக 5 விழுக்காடு வாய்ப்பு. ஒன்றும் இருபதும் பத்தும் அங்கே சமம். மூன்று சாதாரணப் பகடைகளை உருட்டிக் கூட்டினால் கதை மாறிவிடும். மொத்தம் 216 வழிகள். பதினெட்டு விழ ஒரே வழி, பத்து விழ 27 வழி. வரைபடம் போட்டால் நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும் மணி வடிவம்.

இங்கே ஒரு பழைய புதிர் உண்டு. ஒன்பதையும் ஆறு விதமாகப் பிரிக்கலாம், பத்தையும் ஆறு விதமாகப் பிரிக்கலாம். அப்படியிருந்தும் பத்து கொஞ்சம் அதிகமாக விழுகிறதே, ஏன்? இதைத் தீர்த்து எழுதிவைத்தவர் கலிலியோ, பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1, 2, 6 என்ற பிரிவு மூன்று பகடைகளுக்குள் இடம் மாறி மாறி ஆறு வழியாக விழும். 3, 3, 3 ஒரே வழியாகத்தான் விழும். ஒன்பதின் கணக்கில் இந்த மூன்று மூன்று உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஒன்பதுக்கு 25 வழி, பத்துக்கு 27. ஆயிரக்கணக்கில் உருட்டினால்தான் கண்ணுக்குத் தெரியும் இந்தச் சின்ன வித்தியாசத்தைச் சூதாடிகள் கணக்குத் தெரியாமலே கவனித்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

ஆட்டத்துக்கு இதனால் என்ன? திறமைக்கு மதிப்பு வருகிறது. மூன்று பகடைக் கூட்டல் உங்கள் திறன் எண்ணுக்குள் விழுந்தால் வெற்றி என்று வைத்துக்கொள்வோம். திறன் பத்து என்றால் வாய்ப்பு 50 விழுக்காடு. பதினொன்றாக உயர்த்தினால் 62.5. ஒரே படியில் 12.5 விழுக்காடு லாபம். பதினைந்திலிருந்து பதினாறுக்குப் போனாலோ 95.4 என்பது 98.1 ஆகும், அவ்வளவுதான். கற்றுக்கொள்ளும் காலத்தில் சிறு பயிற்சியும் பெரிய மாற்றம் தரும். தேர்ந்த பிறகு மேலும் கொஞ்சம் தேற நிறைய உழைக்க வேண்டும். மிருதங்கம் பயின்றவர்களைக் கேட்டால் இதையேதான் சொல்வார்கள்.

ஆனால் என்னை முழுக்க மயக்கியது ஃபட்ஜின் பகடைதான். ஆறு முகத்தில் இரண்டு முகம் கூட்டல் குறி, இரண்டு கழித்தல் குறி, இரண்டு வெறுமை. பாட்டியின் கட்டையில் இருந்த அதே வெறுமை! இப்படி நான்கு பகடை. உருட்டிவிட்டுக் கூட்டலையும் கழித்தலையும் அடித்துவிட்டால் மைனஸ் நான்கிலிருந்து பிளஸ் நான்குக்குள் ஒரு விடை கிடைக்கும்.

ஒரு பகடைக்கு மூன்று விளைவு, நான்குக்கு 3 × 3 × 3 × 3 = 81. பூச்சியம் எத்தனை வழியில் வரும்? நான்கும் வெறுமை, அது ஒரு வழி. ஒரு கூட்டல், ஒரு கழித்தல், இரண்டு வெறுமை, இது 12 வழி. இரண்டு கூட்டல், இரண்டு கழித்தல், இது 6 வழி. ஆக 19. பிளஸ் ஒன்றுக்கு 16, இரண்டுக்கு 10, மூன்றுக்கு 4, நான்குக்கு ஒரே ஒரு வழி. கழித்தல் பக்கமும் அச்சு அசல் இதேதான். பென்சிலும் தாளும் எடுத்து ஒருமுறை எழுதிப் பாருங்கள். 1, 4, 10, 16, 19, 16, 10, 4, 1 என்று அந்த வரிசை ஏறி இறங்குவதைக் கையால் எழுதும்போது வரும் சந்தோஷம் தனி.

இதன் அழகு நடுப்புள்ளி பூச்சியமாக இருப்பதில்தான். மற்ற ஆட்டங்களில் பகடை ஓர் எண்ணைத் தரும், அதோடு திறனைக் கூட்டி, இலக்கு எண்ணோடு ஒப்பிட வேண்டும். இங்கே பகடை எண் தருவதில்லை, ஒரு நகர்வைத் தருகிறது. நீங்கள் நிற்கும் படியிலிருந்து மேலே எத்தனை, கீழே எத்தனை என்று மட்டும் சொல்கிறது. அப்படியானால் படிகளுக்கு எண்ணே தேவையில்லை, சொல் போதும்! ஃபட்ஜில் இருப்பது ஏழு சொற்களால் ஆன ஏணி. அதைத் தமிழில் நான் இப்படி வைப்பேன்: படுமோசம், மோசம், சுமார், பரவாயில்லை, நன்று, அருமை, அபாரம்.

சோழர் கப்பலின் மாலுமிக்குப் படகு ஓட்டும் திறன் 'நன்று' என்று வைத்துக்கொள்ளுங்கள். கடாரத்து மெர்போக் ஆற்று முகத்தில் புயல், கரை சேர 'அருமை' வேண்டும். நான்கு பகடையில் பிளஸ் ஒன்றோ அதற்கு மேலோ விழ 31 வழி, அதாவது 38 விழுக்காடு. புயல் ஓய்ந்து 'நன்று' போதும் என்றால் 50 வழி, 62 விழுக்காடு. அப்புறம் ஒரு வேலை: மாலுமியை எடுத்துவிட்டுச் செவ்வாயில் ஊர்தி ஓட்டும் பெண்ணை வையுங்கள், புயலுக்குப் பதில் புழுதிக்காற்று. ஒரு விதியும் மாறவில்லை. எந்தக் கதைக்கும் பொருந்தும் தன்மை ஆயிரம் பக்க விதிப் புத்தகத்தில் இல்லை, நம் வாயில் தினமும் புழங்கும் ஏழு சொல்லில் இருக்கிறது.

பகடைக்கு நினைவு கிடையாது, முன்பு விழுந்தது அடுத்து விழுவதை மாற்றாது என்பதையும் அந்தப் பிள்ளைகள் ஆட ஆடக் கண்டுகொள்வார்கள். சாலையில் விபத்து என்றால் அடிபட்டவருக்கு என்ன ஆனது என்று கேட்பதற்கு முன் கார் நம்பரைக் குறித்துக்கொண்டு நான்கு இலக்க எண்ணில் பணம் கட்டும் 'நாலு நம்பர்' லாட்டரிக் கடைக்கு ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். பத்தாயிரம் எண்களில் எதற்கும் எதைவிடவும் கூடுதல் வாய்ப்பு இல்லை. வீட்டுச் செலவுக்கான பணம் இப்படிப் போவதைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் இதில் எனக்கு வருத்தம் அதிகம். பள்ளியில் 'கெபாராங்காலியான்' என்று, மலாயில் நிகழ்தகவு, ஒரு பாடம் நடக்கிறது, சோதனை முடிந்ததும் மறந்துபோகிறது. ரோபோ போட்டிகளுக்குப் பணம் தேடும் நம் அமைப்புகள் அதில் ஒரு சின்னப் பங்கை இப்படிப்பட்ட ஆட்டக் குழுக்களுக்கும் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எண்பத்தொரு வழிகளைக் கையால் எழுதிப் பார்த்த பிள்ளை நம்பர் கடை வாசலில் ஒரு கணமாவது நின்று யோசிக்கும்.

இலவசம் என்பதற்கும் வருவோம். பகடையை உருட்டிக் கூட்டுவது என்ற யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது. அதை விளக்கி எழுதிய வாசகங்களுக்கும் ஓவியங்களுக்கும்தான் உண்டு. ஆகவே ஃபட்ஜின் யோசனையை எடுத்து உங்கள் சொந்தத் தமிழில் எழுதுங்கள், வரிக்கு வரி மொழிபெயர்க்க வேண்டாம். எழுதியதை மற்றவர்கள் மாற்றவும் பரப்பவும் அனுமதிக்கும் உரிமத்தை முதல் பக்கத்திலேயே போடுங்கள். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதிகளுக்கு 2000இல் ஒரு திறந்த உரிமம் வந்தது. அதை மாற்றப் போகிறார்கள் என்று 2023 ஜனவரியில் தெரியவந்தபோது ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த மாதமே விதிகளின் ஒரு தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டது, அதைத் திரும்பப் பெற முடியாது. உரிமத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தத் 'திரும்பப் பெற முடியாது' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

சிறப்புப் பகடை வாங்கவும் தேவையில்லை. சாதாரணப் பகடையில் ஒன்று, இரண்டு விழுந்தால் கழித்தல், மூன்று, நான்கு வெறுமை, ஐந்து, ஆறு கூட்டல். இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். நேற்றுப் பதில் வந்தது. நான்கு பகடைகளுக்கும் வெள்ளை ஒட்டுத்தாள் ஒட்டிக் குறி வரைந்துவிட்டார்களாம். இப்போது குழுவுக்குள் ஒரே ஒரு சண்டை பாக்கி: 'பரவாயில்லை' என்பது 'சுமாரு'க்கு மேலா, கீழா? இரண்டு பேர் மேல் என்கிறார்கள், இரண்டு பேர் கீழ் என்கிறார்கள். அவளுடைய பாட்டியிடம் கேட்கப் போகிறார்கள்.