அழித்த கோப்பின் இடம் ஏன் திரும்பி வரவில்லை?

தைப்பூசக் காவடி முடிந்த கையோடு டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஒரு தங்கை கேள்வி அனுப்பியிருந்தார். கோயில் விழாக்களை நேரலையில் காட்டி, கூடவே பதிவும் செய்கிற, உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் கணினி அவர் பொறுப்பில் இருக்கிறது. “அண்ணா, டிஸ்க் நிறைந்துவிட்டது என்று கணினி சொன்னது. இருந்ததிலேயே பெரிய வீடியோவை அழித்தேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். இப்போது டிஎஃப் கட்டளை போட்டால் 100 சதவீதம் நிறைந்திருக்கிறது என்கிறது. டியூ போட்டுக் கூட்டினால் டிஸ்க்கில் பாதிகூட வரவில்லை. இரண்டில் எது பொய்?”

இரண்டும் உண்மையைத்தான் சொல்கின்றன. அவை விடை சொல்வது வேறு வேறு கேள்விகளுக்கு: டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று சொல்வது டிஎஃப், கோப்புகள் எவ்வளவு இடம் பிடித்திருக்கின்றன என்று கூட்டிச் சொல்வது டியூ. அந்த இரண்டு விடைகளுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தில்தான் அவர் தேடும் கோப்பு இருக்கிறது.

உபுண்டு நம் தென்னாப்பிரிக்காவோடு நெருங்கிய உறவுள்ளது. வெல்கமில் பிறந்த மார்க் ஷட்டில்வொர்த் தொடங்கிய திட்டம் அது. முதல் பதிப்பு 2004 அக்டோபரில் வந்தது. ஆனால் டிஎஃப், டியூ இரண்டும் அதைவிட மிகப் பழையவை. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கிய, லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 தேதியிட்டது. இந்த இரண்டு கட்டளைகளும் அதிலேயே இருக்கின்றன. அவர்கள் வேலை செய்த இயந்திரத்தின் டிஸ்க் அரை எம்பி. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம்கூட அதில் அடங்காது. எவ்வளவு இடம் மிச்சம், யார் எவ்வளவு தின்றிருக்கிறார்கள் என்று பார்ப்பது அங்கே அன்றாடத் தேவை.

முதலில் டிஎஃப். டிஸ்க் சிறுசிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். கோப்புகளை டிஸ்க்கில் அடுக்கி வைக்க லினக்ஸில் பரவலாக உள்ள எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமையில் ஒரு கட்டம் வழக்கமாக 4096 பைட். ஒரே ஒரு எழுத்தை எழுதிச் சேமித்தாலும் பொதுவாக ஒரு முழுக் கட்டம் போய்விடும். மொத்தம் எத்தனை கட்டம், அதில் எத்தனை காலி என்ற கணக்கை கோப்பு முறைமை எப்போதும் கையிலேயே வைத்திருக்கிறது. டிஎஃப் அதைக் கேட்டு வாங்கித் திரையில் காட்டுகிறது, அவ்வளவுதான். டிஸ்க்கில் பத்துக் கோப்பு இருந்தாலும் பத்து லட்சம் இருந்தாலும் கண் இமைப்பதற்குள் விடை வந்துவிடுவது இதனால்தான்.

டியூ அப்படி இல்லை. நீங்கள் காட்டும் ஃபோல்டருக்குள் நுழைந்து, அதில் எழுதியிருக்கும் ஒவ்வொரு பெயரையும் படித்து, அந்தக் கோப்பு எத்தனை கட்டம் பிடித்திருக்கிறது என்று விசாரித்து, உள்ளே இன்னொரு ஃபோல்டர் இருந்தால் அதற்குள்ளும் போய், எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு திரும்புகிறது. பெரிய டிஸ்க்கில் நிமிடக்கணக்கில் ஓடும். முக்கியமான விஷயம், டியூவுக்குப் பெயர் வேண்டும். பெயர் இல்லாத எதையும் அதனால் பார்க்க முடியாது.

பெயர் இல்லாத கோப்பு என்று ஒன்று இருக்க முடியுமா? முடியும். எனக்கு யூனிக்ஸில் மிகவும் பிடித்த இடமே இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நாம் ஒரு கோப்பைப் பார்க்கும்போது பெயரும் உள்ளடக்கமும் ஒன்றாக ஒட்டியிருப்பது போலத் தோன்றுகிறது. டிஸ்க்கில் அவை தனித்தனியாக இருக்கின்றன. கோப்பின் சொந்தக்காரர், அளவு, தேதிகள், எந்தெந்தக் கட்டங்களில் அதன் தகவல் கிடக்கிறது என்பதெல்லாம் ஐநோடு என்ற சிறு பதிவேட்டில் இருக்கும். எக்ஸ்ட்4இல் அது வழக்கமாக 256 பைட். ஒவ்வொரு ஐநோடுக்கும் ஓர் எண் உண்டு. ஆனால் கோப்பின் பெயர் அதில் எங்கேயும் இல்லை. பெயர் இருப்பது ஃபோல்டரில். ஃபோல்டர் என்பது உண்மையில் ஒரு பட்டியல்: இந்தப் பெயர், இந்த எண், அந்தப் பெயர், அந்த எண்.

டர்பனில் இருக்கும் நமக்கு இது அந்நியமான ஏற்பாடு இல்லை. 1860இல் ட்ரூரோ கப்பல் வந்ததிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக இங்கே இறங்கிய ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆளுக்கொரு காலனி எண் கொடுக்கப்பட்டது. ஊர், வயது, தகப்பன் பெயர், வந்த கப்பல் எல்லாம் அந்த எண்ணின் கீழ் எழுதப்பட்டன. பெயரை எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார். ஒரே குடும்பப் பெயர் இன்று ஐந்தாறு விதமாக எழுதப்படுகிறது. ஆகவே பாட்டனைத் தேடிப் போகிறவர்கள் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அலைகிறார்கள், எண் கிடைத்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். மனிதரை எண்ணாக்கியது கொடுமை, அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஒரு கோப்புக்கு மட்டும் அந்த ஏற்பாடு நன்றாகவே பொருந்துகிறது.

பெயரும் எண்ணும் தனித்தனி என்பதால் ஒரே ஐநோடுக்கு இரண்டு பெயர் இருக்கலாம். கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் திரையில் எல்என் கட்டளையால் ஒரு கோப்புக்கு இன்னொரு பெயர் கொடுங்கள். அப்புறம் எல்எஸ் கட்டளையோடு ஹைஃபன் ஐ சேர்த்துப் பாருங்கள்: இரண்டு பெயருக்கும் ஒரே எண் வரும். முதல் பெயரை அழித்தாலும் இரண்டாவது பெயரில் கோப்பு முழுதாகத் திறக்கும். எது அசல், எது நகல் என்ற பேச்சே இல்லை. டியூவும் இதை அறியும். ஒரே ஓட்டத்தில் அதே எண்ணை மறுபடி சந்தித்தால் இரண்டாம் முறை கூட்டாது.

தனக்கு எத்தனை பெயர் இருக்கிறது என்ற எண்ணிக்கையை ஐநோடு தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. நாம் ‘அழி’ என்று சொல்லும்போது நடப்பது, ஃபோல்டர் பட்டியலிலிருந்து ஒரு பெயர் நீங்குகிறது, எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது. எண்ணிக்கை பூஜ்யம் ஆனால் கட்டங்கள் விடுவிக்கப்பட வேண்டும். ஆனால் அதற்கு முன், மற்ற நிரல்களை ஆளும் லினக்ஸின் மையநிரல் (கெர்னல்) இன்னொன்றையும் பார்க்கிறது: இந்தக் கோப்பை இந்த நிமிடம் யாராவது திறந்து வைத்திருக்கிறார்களா? ஒரு நிரல் திறந்து வைத்திருந்தால், பெயர் போன பிறகும் கோப்பு உயிரோடு இருக்கும். அந்த நிரல் தொடர்ந்து படிக்கலாம், எழுதலாம், கோப்பு மேலும் வளரக்கூடச் செய்யலாம். பெயரும் இல்லாமல், திறந்து வைத்தவரும் இல்லாமல் போகும்போதுதான் கட்டங்கள் திரும்பும்.

சாட்ஸ்வொர்த் கணினியில் நடந்தது இதுவே. டிஸ்க் நிறைந்த பிறகும் பதிவு நிரல் ஓடிக்கொண்டிருந்தது. அது எழுதிக்கொண்டிருந்த வீடியோவையே தங்கை அழித்திருக்கிறார். பெயர் போய்விட்டதால் டியூவின் கண்ணில் படவில்லை. கட்டங்கள் இன்னும் பிடியில் இருப்பதால் டிஎஃப் அவற்றைக் காலி என்று சொல்லவில்லை.

இது ஒரு குறை என்று நினைத்துவிடாதீர்கள். உபுண்டுவில் நாம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே பின்னணியில் மென்பொருள்கள் புதுப்பிக்கப்படுவது இதனால்தான் முடிகிறது. புதிய கோப்பு பழைய பெயரை எடுத்துக்கொள்கிறது. ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தான் திறந்து வைத்த பழைய, பெயரற்ற கோப்பை வைத்தே தன் வேலையை முடிக்கிறது. சில நிரல்கள் வேண்டுமென்றே தற்காலிகக் கோப்பைத் திறந்த உடனே அதன் பெயரை அழித்துவிடும். நிரல் எப்படிச் செத்தாலும் குப்பை மிஞ்சாது, வேறு யாரும் தற்செயலாகப் பெயரைப் பார்த்துத் திறக்கவும் முடியாது.

சரி, இப்படிப் பெயரில்லாத கோப்பு ஒன்று திறந்திருக்கும்போது மின்சாரம் போனால்? 2023இல் லோட்-ஷெட்டிங் என்ற சுழற்சி மின்வெட்டு இதற்குமுன் காணாத அளவுக்குப் போனதை நாம் யாரும் மறக்கவில்லை. மின்சாரம் போன கணத்தில் திறந்து வைத்திருந்த நிரல் செத்துவிட்டது; பெயரும் ஏற்கனவே இல்லை. அந்தக் கட்டங்களை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

எக்ஸ்ட்4 இதற்காக டிஸ்க்கிலேயே ஒரு அநாதைப் பட்டியல் வைத்திருக்கிறது. பெயர் இழந்தும் திறந்திருக்கும் ஐநோடு ஒவ்வொன்றும் அதில் சேரும். பட்டியலின் தலை கோப்பு முறைமையின் தலைப்பதிவில் இருக்கிறது. வழக்கமான முறையில், அடுத்த அநாதையின் எண்ணை எங்கே எழுதுகிறார்கள் தெரியுமா? ஒவ்வொரு ஐநோடிலும் ‘அழிந்த நேரம்’ என்று ஓர் இடம் உண்டு. பெயர் மட்டும் போன கோப்பு இன்னும் முழுதாக அழியவில்லை, ஆகவே அந்த இடம் இப்போதைக்குச் சும்மா கிடக்கிறது. அந்த இடத்தில் அடுத்த ஐநோடின் எண்ணை எழுதிவிடுகிறார்கள். ஒன்று அடுத்ததைக் காட்ட, அது அதற்கடுத்ததைக் காட்டுகிறது. கூடுதலாக ஒரு பைட்கூடச் செலவில்லாமல் ஒரு சங்கிலி. மின்சாரம் திரும்பி டிஸ்க் இணைக்கப்படும்போது மையநிரல் இந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே போய் ஒவ்வொரு அநாதையின் கட்டங்களையும் விடுவித்து முடிக்கிறது. இதை முதன்முதலில் படித்த நாளில் எனக்கு வந்த மகிழ்ச்சி இப்போதும் குறையவில்லை. யாருமே பார்க்காத ஓர் இடத்தில் யாரோ இவ்வளவு அழகாக யோசித்திருக்கிறார்கள்.

ஆகவே கணினியை அணைத்துப் போட்டால் இடம் திரும்பிவிடும் என்பது உண்மைதான். ஆனால் காரணம் தெரியாமல் செய்யும்போது அது மந்திரம் ஆகிவிடுகிறது. ஆயுத பூஜையன்று கணினிக்குச் சந்தனமும் பொட்டும் வைப்பதில் எனக்கு மறுப்பே இல்லை. உழைக்கும் கருவிக்கு மரியாதை செய்வது நல்ல பழக்கம். டிஸ்க் நிறைந்ததற்குக் கண் திருஷ்டி காரணம் என்று எலுமிச்சம்பழம் சுற்றுவதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. அடுத்த வாரம் அதே நிரல் அதே கோப்பைப் பிடித்துக்கொள்ளும்போது பழம் என்ன செய்யும்?

தங்கைக்கு நேரடி வழி சொல்கிறேன். நிர்வாகி உரிமைக்கு சூடோ சேர்த்து, எல்எஸ்ஓஎஃப் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, கூட்டல் குறி, பெரிய எழுத்து எல், எண் ஒன்று. பெயர் எண்ணிக்கை ஒன்றுக்கும் குறைவாக, அதாவது பூஜ்யமாக, உள்ள திறந்த கோப்புகள் மட்டும் வரும். வரியின் தொடக்கத்தில் எந்த நிரல் என்றும் அதன் எண்ணும், நடுவில் அளவும் இருக்கும். அந்த நிரலை மட்டும் நிறுத்தித் திரும்பத் தொடங்கினால் போதும், முழுக் கணினியையும் அணைக்க வேண்டாம். ஒன்று கவனியுங்கள்: அழித்தது தவறுதலாக என்றால் நிரலை நிறுத்துவதற்கு முன்பே சொல்லுங்கள். அது ஓடும்வரை ப்ரோக் ஃபோல்டருக்குள் அந்த நிரலின் எண்ணுக்குக் கீழே எஃப்டி என்ற இடத்தில் கோப்பு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து நகல் எடுத்து மீட்டுவிடலாம்.

கணக்கு ஒத்துப்போகாததற்கு வேறு சின்னக் காரணங்களும் உண்டு. டியூவை சூடோ இல்லாமல் ஓட்டினால் உரிமை இல்லாத ஃபோல்டர்களுக்குள் அதனால் போக முடியாது, கூட்டல் குறையும். எக்ஸ்ட்4 வழக்கமாக ஐந்து சதவீத இடத்தை நிர்வாகிக்கு என்று ஒதுக்கி வைக்கும். டிஎஃப் காட்டும் ‘பயன்பட்டது’ம் ‘மிச்ச’மும் சேர்ந்து மொத்தத்துக்கு வராதது அதனால். சில நேரம் இடம் நிறைய இருந்தும் இடமில்லை என்று செய்தி வரும். அப்போது டிஎஃப்போடு ஹைஃபன் ஐ போட்டுப் பாருங்கள், ஐநோடுகள் தீர்ந்திருக்கும்.

இங்கே பணத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தமிழ்ச் சங்கங்களும் கோயில்களும் பழைய படங்கள், பதிவேடுகள், பாட்டிமார் பாடிய தாலாட்டுப் பதிவுகளை இப்போது ஸ்கேன் செய்து சேர்க்கிறார்கள். மிக நல்ல வேலை. நன்கொடை திரட்டிப் புது டிஸ்க் வாங்கிவிடுகிறார்கள். அதைப் பராமரிக்கத் தெரிந்த ஓர் இளைஞருக்கு மாதம் ஒரு சிறு தொகை கொடுப்பதற்கு மட்டும் கமிட்டியில் யாரும் கை தூக்குவதில்லை. என்னைக் கேட்டால் இரண்டாவது டிஸ்க் வாங்கும் காசை முதலில் அந்த ஆளுக்குக் கொடுங்கள் என்பேன்.

அப்படிப்பட்ட ஆள் இருந்தால் கண்டுபிடிக்கக்கூடிய இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பேக்கப் எடுக்கும் யுஎஸ்பி டிஸ்க் ஒரு ஃபோல்டரில் இணைக்கப்பட்டிருக்கும். மின்தடைக்குப் பிறகு கணினி எழுந்து, யுஎஸ்பி டிஸ்க் மட்டும் இணையாமல் போனால், அந்த ஃபோல்டர் வெறுமையாக இருக்கும். இரவில் ஓடும் பேக்கப் நிரலுக்கு அது தெரியாது. எல்லாவற்றையும் அந்த வெறும் ஃபோல்டரில், அதாவது முதன்மை டிஸ்க்கிலேயே எழுதித் தள்ளும். மறுநாள் யாராவது யுஎஸ்பி டிஸ்க்கைச் சரியாக இணைத்ததும், நேற்று எழுதியவை அதன் அடியில் மறைந்துவிடும். இவற்றுக்குப் பெயர் உண்டு, ஆனால் பெயரைச் சென்றடையும் வழி அடைபட்டிருக்கிறது. டியூவுக்குத் தெரியாது, எல்எஸ்ஓஎஃப்பும் காட்டாது, டிஎஃப் மட்டும் நிறைந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கும். யுஎஸ்பி டிஸ்க்கின் இணைப்பை விடுவித்து அந்த ஃபோல்டருக்குள் டியூ ஓட்டினால் எல்லாம் வெளியே வரும். அவற்றை யுஎஸ்பி டிஸ்க்குக்கு மாற்றியபின், பேக்கப் ஓடுவதற்கு முன் மவுண்ட்பாயிண்ட் கட்டளையால் டிஸ்க் இணைந்திருக்கிறதா என்று சோதித்து, இல்லையென்றால் நின்றுவிடும்படி ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.